அந்த இரண்டு பக்கக் கட்டுரையை யார் வாசிச்சது?



இந்தக் கிழமை எபிசோட்ல கூகிள் ஸ்கொலர், எச்-இன்டெக்ஸ், சைட்டேஷன் என்று ஒரு மணித்தியாலம் கதைச்சம். ஒரு ஆளின்ர கதையை மட்டும் இந்த மடலுக்கென்று எடுத்து வைச்சனான். ஆறுதலா இருந்து வாசிக்க வேண்டிய கதை அது.

அவற்ற பேர் சம்பு நாத் டே. தமிழர் இல்லை, வங்காளி. 1915ல் ஹூக்ளி மாவட்டத்தில் பிறந்தவர். கல்கத்தாவில் டாக்டருக்குப் படிச்சு, 1947ல் லண்டனுக்கு வந்து, யூனிவர்சிட்டி கொலிஜ் ஹொஸ்பிட்டல் மருத்துவக் கல்லூரியில் ரோய் கமரன் என்ற நோயியல் பேராசிரியரிட்ட பிஎச்டி செய்தவர். 1949ல் பட்டம் கிடைச்சது. யூஸ்டன் ஸ்குவேர் ஸ்டேஷனால வெளிய வந்தால் கொஞ்ச நேர நடைதான் அந்த இடம். உங்களில எத்தனையோ பேர் யூசிஎல்லுக்கு லெக்சருக்குப் போற அதே பக்கம்.

பட்டம் எடுத்த கையோட கல்கத்தாவுக்குத் திரும்பிப் போனவர், கொலராவைக் கையில எடுத்தார்.

கொலரா என்றால் லண்டனில எல்லாரும் சொல்லுறது ஜோன் ஸ்நோவின்ர கதையை. 1854ல் சோஹோவில் ஒரு தெருப் பம்பைச் சுற்றி சனம் செத்துக்கொண்டிருக்க, நோய் தண்ணியால பரவுது என்று காட்டினவர். 1883-84ல் ரொபேர்ட் கோக் எகிப்தில கண்ட அந்தக் கிருமியைக் கல்கத்தாவில பிரிச்செடுத்தார். கிருமி ஒரு நஞ்சை வெளியவிடுது என்றும் அவர் ஊகிச்சார். ஆனால் அந்த நஞ்சை ஒருத்தராலயும் காட்ட முடியவில்லை. கிட்டத்தட்ட 75 வருஷம்.

டே யோசிச்ச விதம் எளிமையானது. கொலரா வந்த ஆள் சாகிறது உடம்பில இருந்து தண்ணி போறதால. தண்ணி போறது குடலால. அப்ப ரத்தத்தில ஊசி போட்டுத் தேடி என்ன பிரயோசனம்? குடலுக்குள்ளதான் பார்க்க வேணும். 1953ல் வந்த கட்டுரையில அவரும் கூட வேலை செய்தவரும் செய்தது இதுதான்: முயலின்ர குடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் நூலால கட்டி, நடுவில கிருமியை ஏற்றிவிட்டார்கள். அடுத்த நாள் அந்தத் துண்டு தண்ணி நிறைஞ்சு பலூன் மாதிரி வீங்கியிருந்தது.

1959ல் அடுத்த படி. கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, ஒரு கிருமிகூட இல்லாத வடிநீரை மட்டும் குடலுக்குள்ள ஏற்றினார். அப்பவும் வீங்கினது. ஆக, நோயைச் செய்யிறது கிருமி வெளியவிடுகிற நஞ்சு. லண்டனில இருந்து வாற நேச்சர் இதழில், தனியொருவராக, இரண்டு பக்கத்தில் அதை எழுதினார். (அதே வருஷம் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் என். கே. தத்தாவின் குழுவும் முயல் குட்டிகளை வைச்சு இதே திசையில் ஒரு கட்டுரை போட்டது.)

கோக் ஊகிச்ச விஷயம் நிரூபணமாயிட்டுது. உலகம் துள்ளிக் குதிச்சிருக்க வேணும். ஆனால் அடுத்த சில வருஷங்களுக்கு அந்தக் கட்டுரையைப் பெரிசாக ஒருத்தரும் எடுத்துக் காட்டவில்லை.

இந்த இடத்தில எபிசோடைத் தவறவிட்ட ஆக்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஒரு ஆய்வுக் கட்டுரையின் கடைசியில, எந்தெந்தப் பழைய கட்டுரைகளை வைச்சு இதை எழுதினம் என்று பட்டியல் போடுவார்கள். அதில உங்கட கட்டுரை இருந்தால் உங்களுக்கு ஒரு சைட்டேஷன். தமிழில் மேற்கோள். இதைக் கணக்கெடுத்து விக்கலாம் என்று கண்டவர் அமெரிக்கர் யூஜின் கார்ஃபீல்ட். அவற்ற சயன்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸ் 1964ல் வந்தது. இன்றைக்கு அதை நடத்துகிற கிளாரிவேட் நிறுவனத்தின்ர தலைமையகம் எங்கட லண்டனில்தான். எச்-இன்டெக்ஸ் 2005ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற பௌதிகவியலாளர் போட்ட கணக்கு. 10 கட்டுரைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் குறைஞ்சது 10 மேற்கோள் இருந்தால் உங்கட எச் 10. உலகத்தையே மாற்றுகிற ஒரேயொரு கட்டுரை எழுதினவருக்கு, அதுக்கு ஒரு லட்சம் மேற்கோள் வந்தாலும், எச் ஒன்றுதான்.

இப்ப டேயிட்ட வருவம். 1961ல் இந்தோனேசியாவில தொடங்கி ஏழாவது கொலராப் பேரலை ஆசியா முழுக்கப் பரவினது. அப்பதான் வெளிநாட்டு ஆய்வுகூடங்களுக்குக் காசும் ஆர்வமும் வந்தது. 1969ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஃபிங்கெல்ஸ்டைனும் ஜோசஃப் லோஸ்பல்லூட்டோவும் அந்த நஞ்சைச் சுத்தமாகப் பிரிச்செடுத்தார்கள். நஞ்சு குடல் செல்களில என்ன செய்யுது என்று அடுத்தடுத்துக் கட்டுரைகள் வந்தன. ஒவ்வொருத்தரும் தொடக்கம் எங்க என்று பின்னால தேடிப் போக, கல்கத்தாவின் அந்த இரண்டு பக்கம் நின்றது. மேற்கோள்கள் ஏறினது அப்பதான்.

1978ல் ஸ்டொக்ஹோமில் கொலரா பற்றி நடந்த நோபல் கருத்தரங்குக்கு டேயைக் கூப்பிட்டார்கள். 60களிலேயே செத்துப்போன என்னைத் தோண்டி எடுத்திருக்கிறீங்கள் என்ற கருத்துப்பட அங்க பேசினார். நோபல் பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அவரை நோபலுக்கு முன்மொழிஞ்சவர். கிடைக்கவில்லை. இந்தியாவின் அறிவியல் கழகங்கள் ஒன்றும் அவரை உறுப்பினராக எடுக்கவுமில்லை. 1985 ஏப்ரலில் காலமானார். மேற்கோள் கணக்கை உண்டாக்கின அதே கார்ஃபீல்ட், கொலரா ஆராய்ச்சியின் வரைபடத்தை மேற்கோள்களால கீறி, டேயின் தாக்கம் இவ்வளவு என்று எழுதினது 1986 ஏப்ரலில். ஒரு வருஷம் பிந்தி.

இதில நான் யோசிக்கிறது இதுதான். மேற்கோள் எண்ணிக்கை பொய் சொல்லவில்லை. கடைசியில அதுதான் டேயைக் காட்டியும் கொடுத்தது. ஆனால் அது அளந்தது கட்டுரையின்ர பெறுமதியை இல்லை. மற்ற ஆக்கள் எப்ப கண் திறந்தார்கள் என்றதைத்தான் அளந்தது.

இது பழைய கதை இல்லை. 2012ல் கிழக்கு லண்டனில், குவீன் மேரி பல்கலைக்கழகத்தின் மருத்துவ, உயிரியல் பிரிவுகளில, கடைசிச் சில வருஷத்தில எத்தனை கட்டுரை, எவ்வளவு ஆய்வு நிதி என்ற அளவுகோல் வைச்சு ஆக்களை வேலையால நிற்பாட்டப் பார்த்தார்கள். அங்க வேலை செய்த இரண்டு விஞ்ஞானிகள் லான்செட்டில் அதை எதிர்த்து எழுதினார்கள். அந்த மாதிரி ஒரு நாலு வருஷக் கணக்கை 1963ல் டேக்குப் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்?

மேற்கோள் வராமலே போறதுக்கும் ஒரு வழி இருக்கு. எங்கட பக்கத்து உதாரணம் ஜி. என். ராமச்சந்திரன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்து 1963ல், ராமகிருஷ்ணன், சசிசேகரன் என்ற இரண்டு பேரோட சேர்ந்து, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில மடங்கலாம் என்று ஒரு வரைபடம் போட்டார். இன்றைக்கும் ஒரு புரத அமைப்பு சரியா என்று சோதிக்கிற மென்பொருட்கள் ராமச்சந்திரன் வரைபடத்தைப் போட்டுத்தான் பார்க்கும். கிங்ஸ் குரோஸில் இருக்கிற டீப்மைண்ட் ஆக்கள் ஆல்ஃபாஃபோல்டுக்கு 2024ல் நோபல் எடுத்த துறை இதுதான். ஆனால் அந்த வரைபடத்தைப் பயன்படுத்துகிற எல்லாருமா 1963 கட்டுரையைப் பட்டியலில போடுகினம்? பேர் பாடப்புத்தகத்துக்குள்ள போய்விட்டால் மேற்கோள் நின்றுவிடும்.

மற்றப் பக்கம், எண்ணிக்கையை ஊதிப் பெருப்பிக்கவும் ஏலும். 2019ல் நேச்சர் இதழ் ஒரு ஆய்வைக் காட்டினது: சென்னையில ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞானிக்கு 2017 வரை வந்த மேற்கோள்களில 94 வீதம் அவரிடமிருந்தும் கூட எழுதினவர்களிடமிருந்தும் வந்தவை. அவர் தன்ர ஆராய்ச்சி ஒன்றன்மேல ஒன்றாக வளருவதால தன்னையே மேற்கோள் காட்ட வேண்டியிருக்கு என்றார். எது எப்படியோ, எண்ணை மட்டும் பார்க்கிற ஆளுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

ஏன் இவ்வளவும் எழுதிறன் என்றால், எபிசோட் போன பிறகு ஒரு தங்கச்சி எழுதியிருந்தா. லண்டனில இரண்டு ஆய்வுகூடங்களில பிஎச்டிக்கு இடம் கிடைச்சிருக்காம். ஒரு பேராசிரியருக்கு எச்-இன்டெக்ஸ் 72. மற்றவவுக்கு 19. அப்பா கூகிள் ஸ்கொலரைப் பார்த்துவிட்டு, "72 எடுத்தவரிட்டப் போ பிள்ளை" என்றாராம். எங்கட வீடுகளில எண் என்றால் மார்க்ஸ்தானே. லெவன் பிளஸ் தொடக்கம் ஏ லெவல் வரைக்கும் அப்படித்தான் பழகியிருக்கிறம். அப்பாவில பிழை சொல்ல ஏலாது.

தங்கச்சிக்கும், அதே கேள்வியோட இருக்கிற மற்ற ஆக்களுக்கும் நான் சொல்லுறது:

முதலில, அந்த ஆள் எத்தனை வருஷமாக எழுதுகிறார் என்று பாருங்கோ. எச்-இன்டெக்ஸ் ஒருநாளும் குறையாது, வயசோட ஏறும். 60 வயசுக்காரரையும் 38 வயசுக்காரியையும் அதால ஒப்பிட்டுப் பிரயோசனமில்லை.

இரண்டாவது, துறையைப் பாருங்கோ. புற்றுநோயில எழுதுகிற ஆக்கள் ஆயிரக்கணக்கு. அரிய நோய் ஒன்றில முழு உலகத்திலயும் கொஞ்சப் பேர்தான். சனம் கூடின இடத்தில மேற்கோளும் கூடும். செய்முறைக் கட்டுரைகளுக்கும் அப்படித்தான்: உலகத்திலேயே கூட மேற்கோள் வாங்கினது, புரதத்தை அளக்கிற ஒரு முறை பற்றி லோரி குழு 1951ல் எழுதினது. மூன்று லட்சத்துக்கு மேல. டிஎன்ஏயின் இரட்டைச் சுருளைச் சொன்ன கட்டுரை, நேச்சர் 2014ல் போட்ட முதல் 100 பட்டியலிலேயே இல்லை.

மூன்றாவது, அதிகம் மேற்கோள் வந்த ஐந்து கட்டுரைகளைத் திறந்து, அவற்ற பேர் எங்க இருக்கு என்று பாருங்கோ. நூறு பேர் எழுதினதில 57வது ஆளா, இல்லாட்டி வேலையை நடத்தின ஆளா? பிறகு மேற்கோள் காட்டின கட்டுரைகளில இரண்டைத் திறந்து, ஏன் காட்டியிருக்கினம் என்று வாசியுங்கோ. பாராட்டியா, பிழை என்று சொல்லியா, சும்மா பட்டியலுக்கா? கணக்குக்கு மூன்றும் ஒன்றுதான்.

நாலாவது, அந்த ஆய்வுகூடத்தில படிச்சு முடிச்ச இரண்டு பேரோட கதையுங்கோ. எத்தனை வருஷத்தில முடிச்சவை, இப்ப எங்க நிற்கினம், பிழைச்ச பரிசோதனை ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினால் பேராசிரியர் என்ன செய்வார்? இதுக்கு ஒரு வெப்சைட்டிலயும் எண் இல்லை.

இதையெல்லாம் பார்த்த பிறகும் 72க்குப் போகலாம். அதில ஒன்றுமில்லை. ஆனால் ஏன் போறீங்கள் என்று அப்பாவுக்கு விளங்கப்படுத்தக்கூடியதாக இருக்க வேணும்.

பல்கலைக்கழகங்களும் கொஞ்சம் மாறிவருகுது. ஆட்களை இதழின்ர பேராலயும் வெறும் எண்ணாலயும் மதிப்பிட மாட்டம் என்ற டோரா பிரகடனத்தில் யூசிஎல், இம்பீரியல், வெல்கம் ட்ரஸ்ட் எல்லாம் கையெழுத்து வைச்சிருக்கினம். நேர்முகத் தேர்வில இதைப் பற்றிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு. கேளுங்கோ.

பங்களாதேஷுக்கோ ஆபிரிக்காவுக்கோ போக முதல், பயணக் கிளினிக்கில கொலராவுக்கென்று டுகோரல் என்ற மருந்தைக் குடிக்கத் தருவார்கள். டே காட்டின அந்த நஞ்சின்ர, தீங்கு செய்யாத ஒரு பகுதி அதில சேர்த்திருக்கு. அந்தக் கிளாஸைக் குடிக்கிற ஒருத்தரும் எந்தப் பட்டியலிலயும் அவற்ற பேரைப் போடப் போவதில்லை.

அடுத்த கிழமை ஆல்ஃபாஃபோல்ட் பற்றி முழு எபிசோட். கேள்விகள் இருந்தால் இந்த மடலுக்கே பதில் போடுங்கோ.