சித்தன்னவாசல் அறிவர் கோயில்: பண்பாட்டுத் தொடர்பும் கலப்புக் கட்டடக்கலையும்

முன்னுரை

பண்பாடுகள் சந்திக்கும் இடங்களில் கட்டடப் பாணிகள் கலக்கும் என்பது பொதுக் கருத்து. ஆயினும், ஒரு கட்டடத்தில் காணப்படும் வேறுபட்ட கூறுகள் யாவும் கலப்பின் விளைவாகா. புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசலை அடுத்துள்ள சித்தன்னவாசல் இதனைத் தெளிவுறுத்துகின்றது.

கற்படுக்கையும் அயல்நிலத் தொடர்பும்

குன்றின் மேலுள்ள ஏழடிப்பட்டத்தில் சமணத் துறவியர்க்கான கற்படுக்கைகள் உள்ளன. ஒரு படுக்கையிலுள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டு, எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்தவர்க்குச் சிறுபோசில் இளையர் அதனை அமைத்ததாகக் குறிப்பிடுகின்றது. எருமிநாட்டை மைசூர்ப் பகுதியாக ஐராவதம் மகாதேவன் கொள்வார். அவ்வாறாயின், அயல்நிலத்தவர்க்கு அளிக்கப்பட்ட கொடையாக இதனைக் கருதலாம். எனினும், இங்குக் கட்டடம் எழவில்லை. இயற்கைக் குகைத்தளமே உறைவிடமாயிற்று.

குடைவரையில் கலப்பு

மேற்குச் சரிவிலுள்ள அறிவர் கோயில் கருவறையும் அர்த்தமண்டபமும் கொண்ட குடைவரையாகும். அதன் தூண்கள் மேலும் கீழும் சதுரமாகவும், இடையில் எண்பட்டையாகவும் அமைந்துள்ளன. இவ்வமைதி பல்லவ, பாண்டிய நாட்டுச் சைவ, வைணவக் குடைவரைகளிலும் உண்டு. வடிவம் பொதுவானது, கருவறையிலுள்ள தீர்த்தங்கரர் சிற்பங்களும், சமவசரணத் தொடர்புடையதாக அறிஞர் விளக்கும் தாமரைக்குள ஓவியமும் சமணத்திற்கே உரியவை. தமிழகத்துக் குடைவரை மரபைச் சமணம் தனதாக்கிக்கொண்டமையே இங்கு நிகழ்ந்த உண்மையான கலப்பு.

பாணியும் காலக்கணிப்பும்

இக்கோயில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது என முன்னர்க் கருதப்பட்டது. பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்துக் கல்வெட்டோ, மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அர்த்தமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்த செய்தியைத் தருகின்றது. பொதுவான பாணியை மட்டும் கொண்டு ஓர் அரசமரபைச் சுட்டுதல் பொருந்தாது என்பது இதனால் பெறப்படும்.

இன்று முகப்பில் நிற்கும் தூண்மண்டபம் அம்முகமண்டபம் அன்று. குடுமியான்மலையிலிருந்து கொணர்ந்த தூண்களைக் கொண்டு 20ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பட்டது அது. சைவத் தலத்துத் தூண்கள் சமணக் குடைவரையின் முன் நிற்பதைச் சமயக் கலப்புக்குச் சான்றாகக் கொள்ளின் பிழையாகும். அது பாதுகாப்புப் பணியின் விளைவே.

முடிவுரை

ஒரு கட்டடத்தின் கூறுகளைக் கால அடுக்குகளாகப் பிரித்தறிந்த பின்னரே கலப்புப் பாணி பற்றிய முடிவுக்கு வருதல் வேண்டும். கல்வெட்டும் திருப்பணி வரலாறும் பாணி ஆய்வுக்குத் துணைச் சான்றுகள் அல்ல. அதன் அடிப்படைகளே என்பதை அறிவர் கோயில் உணர்த்துகின்றது.