மாப்பிள்ளை குதிரை எந்தத் தெரு வழியாகப் போகலாம்?

மாப்பிள்ளை குதிரை மேல் உட்கார்ந்திருந்தார். கல்யாணக் கோலம்தான், ஆனால் தலையில் ஹெல்மெட். சுற்றிலும் போலீஸ். 2015 மே மாதம், மத்தியப் பிரதேசம் ரத்லாம் மாவட்டத்தின் நெக்ருன் கிராமத்தில் எடுத்த அந்தப் படம் அன்று நாடு முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. குதிரையிலிருந்து விழுந்துவிடுவார் என்று பயந்து ஹெல்மெட் மாட்டவில்லை. கல் வந்து விழும் என்றுதான் மாட்டினார்கள். கல்லும் வந்து விழுந்தது. அவர் தலித். குதிரை போன தெருவில் குடியிருந்தவர்கள் வேறு சாதிக்காரர்கள். தகராறு அவ்வளவுதான்.

தமிழ் நாளிதழ் வாசகருக்கு இது ஏதோ வடக்கத்திச் சமாச்சாரமாகத் தோன்றலாம். நம் பக்கம் மாப்பிள்ளை காரில் வருகிறார், குதிரை ஏது? ஆனால் திருவனந்தபுரம் வலியசாலையில் உட்கார்ந்து இதை எழுதும்போது எனக்கு அது தூரத்துச் செய்தியாகப் படவில்லை. இங்கிருந்து கிள்ளிப்பாலம் தாண்டி, கரமனை, நேமம் வழியாகத் தெற்கே போகும் சாலை பாலராமபுரத்துக்குப் போகிறது. அந்தப் பாலராமபுரத்தில், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், பொதுச் சாலையில் போனதற்காகவே மனிதர்கள் அடிபட்டார்கள்.

அய்யன்காளி 1863-இல் விழிஞ்ஞத்துக்குப் பக்கத்தில் உள்ள வெங்ஙானூரில் பிறந்தவர், புலயர் சமூகம். 1893-இல் ஒரு வில்லுவண்டி வாங்கினார். இரண்டு வெள்ளைக் காளைகள், கழுத்தில் மணி. வெள்ளை வேட்டி உடுத்து, தலையில் முண்டாசு கட்டி, அதில் ஏறி உட்கார்ந்து பொதுச் சாலையில் ஓட்டிப் போனார். இன்று கேட்டால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அன்றைய திருவிதாங்கூரில் வில்லுவண்டி மேல்சாதிக்காரர் ஏறும் வண்டி. முண்டாசு மேல்சாதிக்காரர் கட்டும் முண்டாசு. அந்தச் சாலையோ புலயர் கால் வைக்கக் கூடாத சாலை. மூன்றையும் ஒரே பயணத்தில் மீறினார். வழியில் மறித்தார்கள், அவர் வண்டியை நிறுத்தவில்லை. 1898-இல் தன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு ஆறாலும்மூட்டுப் புத்தன் சந்தைக்கு நடந்தே கிளம்பினார். பாலராமபுரம் சாலியர் தெருவில் கூட்டம் வழிமறித்துத் தாக்கியது. இந்த முறை அடி வாங்கியவர்களும் திருப்பி அடித்தார்கள். அதை ஒட்டிப் பக்கத்து ஊர்களிலும் சண்டை பரவியது. 1900 வாக்கில் கோயிலுக்குப் போகும் வழிகள் நீங்கலாகப் பெரும்பாலான சாலைகளில் புலயர் நடக்க முடிந்தது.

இதில் வாசகர் கவனிக்க வேண்டியது வேறொன்று. அய்யன்காளி போனது சட்டம் தடுத்த சாலையில் அல்ல. பொதுச் சாலைகள் எல்லா மக்களுக்கும் திறந்தவை என்று திருவிதாங்கூர் அரசு 1865-லேயே அறிவிப்பு வெளியிட்டிருந்தது. 1884-இல் அதையே மறுபடி உறுதிசெய்து இன்னொரு அறிவிப்பும் வந்தது. அரசர் இரண்டு தடவை சொன்னதை ஊர்க்காரர்கள் எப்படித் தடுக்க முடிந்தது?

நீதிமன்றம் வழி செய்துகொடுத்தது. இந்த அறிவிப்புகளை ஆராய்ந்த திருவிதாங்கூர் உயர் நீதிமன்றம், சாலைகளை ராஜ வீதி என்றும் கிராம வீதி என்றும் பிரித்தது. அறிவிப்பில் உள்ள பொதுச் சாலை என்ற சொல் ராஜ வீதியை மட்டுமே குறிக்கும், கிராம வீதிக்குப் பொருந்தாது என்றது. அரசாணையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பொது என்ற சொல் மட்டும் சுருங்கிப்போனது. ஊர்களை இணைக்கும் பெரிய சாலையில் நடக்கலாம். கோயிலைச் சுற்றிய தெருவிலோ அக்ரகாரத்திலோ நுழையக் கூடாது. வலியசாலையும் அக்ரகார வீடுகள் வரிசையாக நிற்கும் இடம்தான், தமிழ் பேசும் இடம்தான். அந்தப் பிரிவினையால் மூடப்பட்டவை இதுபோன்ற தெருக்களே. அதை மறைத்து இந்தக் கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது.

வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய வழிகளும் கிராம வீதிக் கணக்கில்தான் சேர்ந்தன. அவற்றைத் திறக்கக் கோரி 1924 மார்ச் 30-இல் தொடங்கிய சத்தியாகிரகம் 1925 நவம்பர் 23 வரை நடந்தது. ஈரோட்டிலிருந்து போன பெரியார் இரண்டு தடவை சிறைப்பட்டார். இரண்டாம் தண்டனையை அனுபவித்தது இந்தத் திருவனந்தபுரத்துச் சிறையில். முடிவில் கிடைத்தது மூன்று பக்கத்து வழிகள். கிழக்கு வழி அப்போதும் திறக்கவில்லை. எல்லா வழிகளும் எல்லாருக்கும் திறக்க 1936 நவம்பர் 12-ஆம் தேதி ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது குதிரைக்கு வருவோம். குஜராத், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் மாப்பிள்ளை குதிரையேறி வருவது கல்யாணத்தின் முக்கியச் சடங்கு. பெரும்பாலும் பெண்குதிரை. அதற்குச் சலங்கை, ஜூல் என்ற அலங்காரத் துணி, நெற்றிப் பட்டம் எல்லாம் கட்டுவார்கள். மாப்பிள்ளைக்குக் குதிரையேற்றம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கடிவாளத்தைக் குதிரைக்காரர் பிடித்துக்கொள்வார், நடக்கிற வேகம்தான். ஏறி உட்கார்ந்தவுடன் மாப்பிள்ளையின் தலை, நிற்பவர்கள் எல்லார் தலைக்கும் மேலே போய்விடுகிறது. திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் அண்ணாந்து பார்க்க வேண்டும். சண்டை மூளுவது அந்த உயரத்தால்.

தடுக்கும் விதங்களைப் பாருங்கள். 2019 மே மாதம் குஜராத் அரவல்லி மாவட்டம் கம்பீசர் கிராமத்தில் ஊர்வலம் வரும் வழியில் பெண்கள் உட்கார்ந்து பஜனை பாடினார்கள், ஹோமம் வளர்த்தார்கள். கும்பிடுகிறவர்களை எழுப்பி விட முடியுமா? அதே மாதம் மெஹ்சானா மாவட்டம் லோர் கிராமத்தில் மாப்பிள்ளை குதிரையில் போய்விட்டார். மறுநாளே தலித் மக்களுக்குக் கடையில் சாமான் கிடையாது, யாரும் பேசக் கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு போட்டார்கள். 2020 பிப்ரவரியில் பனாஸ்காண்டா மாவட்டம் ஷரீஃப்டாவில் கல்லடி பட்ட மாப்பிள்ளை ராணுவச் சிப்பாய். 2022-இல் ராஜஸ்தானில் ஐ.பி.எஸ். அதிகாரியாகத் தேர்வான ஒருவரே தன் கல்யாணத்தில் குதிரையேறப் போலீஸ் பாதுகாப்புப் பெற்றார்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பாடம் சொல்வது உத்தரப் பிரதேசம் காஸ்கஞ்ச் மாவட்டத்து நிஜாம்பூர். 2018-இல் பக்கத்து ஹாத்ரஸ் மாவட்டத்து, ஜாதவ் என்ற தலித் சாதியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், பெண் வீடு இருந்த அந்த ஊருக்குள் ஊர்வலமாக வர விரும்பினார். அந்த ஊரின் ஆதிக்கச் சாதியான தாக்கூர்கள் மறுத்தார்கள். எங்கள் வீட்டு வாசல் வழியாக ஜாதவ் ஊர்வலம் போனதே கிடையாது, இப்போது மட்டும் ஏன் என்றார்கள். நிர்வாகமும் அந்தப் பேச்சையே பிடித்துக்கொண்டது: அந்த வழிக்கு முன்வழக்கம் இல்லை, வேறு வழியாகப் போங்கள். மாப்பிள்ளை அலகாபாத் உயர் நீதிமன்றம் வரை போனார். போலீஸிடம் முறையிடுங்கள் என்று மனு தள்ளுபடியானது. பிறகு பல சுற்றுப் பேச்சு, வரைபடம், வழி நிர்ணயம். 2018 ஜூலை 15-ஆம் தேதி பெரும் போலீஸ் படை சூழக் குதிரை வண்டியில் ஊர்வலம் போனது. ராஜ வீதி, கிராம வீதி என்ற பிரிவு நூறு ஆண்டு தாண்டி வேறு மாநிலத்தில் எழுந்து வந்தது போலிருக்கிறது எனக்கு.

சட்டம் என்ன சொல்கிறது? அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு கிணறு, குளம், படித்துறை, சாலை, பொது இடம் எதிலும் சாதியைக் காரணம் காட்டித் தடை கூடாது என்கிறது. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் சாலையைப் பயன்படுத்துவதையும், சமூக ஊர்வலம் போவதையும் தீண்டாமை காரணமாகத் தடுப்பதைக் குற்றமாக்கியது. இவை பொதுவான சொற்கள். குதிரை என்ற சொல்லையே சட்டத்துக்குள் கொண்டுவந்தது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கான 2015 திருத்தம். 2016 ஜனவரி 26 முதல் அமலில் உள்ளது. சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை, பொது இடத்தில் செருப்பு அணிவதை, புதுத் துணி உடுத்துவதை, கல்யாண ஊர்வலம் போவதை, ஊர்வலத்தில் குதிரையோ வேறு வாகனமோ ஏறுவதை, பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் என்பதால் தடுத்தால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. முன்ஜாமீனும் கிடையாது. கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கும் 6 மாதம் முதல் ஓர் ஆண்டு வரை தண்டனை உண்டு. செருப்பு, சைக்கிள், புதுத் துணி, குதிரை என்று ஒவ்வொன்றாக எழுதி வைக்க வேண்டி வந்ததே, அந்தப் பட்டியலைப் படிக்கும்போது மனம் கனக்கிறது.

ஒரு நுணுக்கம் உண்டு. அந்த வரியில் குதிரை கல்யாண ஊர்வலத்தோடுதான் வருகிறது. 2018 மார்ச்சில் குஜராத் பாவ்நகர் மாவட்டம் டிம்பி கிராமத்தில் 21 வயது இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். மகன் குதிரை வளர்த்து அதில் போய்வந்தது பிடிக்காமல் செய்தார்கள் என்று தந்தை புகார் சொன்னார். கல்யாணமில்லை, வெறும் அன்றாடச் சவாரி. அப்படிப்பட்ட சவாரிக்குப் பாதுகாப்பு அதே உட்பிரிவின் முந்தைய பகுதியில் இருக்கிறது: எந்தச் சாலையையும் வழியையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பதும் குற்றமே. புகார் எழுதுகிறவர் இரண்டு பகுதிகளையும் குறிப்பிடுவது நல்லது.

எதிர்ப்பவர்கள் கையில் எப்போதும் இரண்டு வாதங்கள். ஒன்று, வழக்கமில்லை என்பது. இதை இங்கிலாந்து நடைமுறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கிலாந்தில் குதிரைச் சவாரிக்காரர்களுக்கும் நிலக்காரர்களுக்கும் நெடுநாளாகத் தகராறு உண்டு. கதவைப் பூட்டுவது, முள்கம்பி கட்டுவது எல்லாம் அங்கேயும் நடக்கும். குதிரை போகலாம் என்று குறித்த வழிகளை 1949 சட்டம் தொட்டு வரைபடத்தில் பதிந்துவைக்கிறார்கள். 20 ஆண்டு தடையின்றி மக்கள் வெளிப்படையாகப் பயன்படுத்திய பாதை பொதுவழி என்று கருதப்படும். ஒருமுறை பொதுவழியானதை நூறாண்டு யாரும் போகாவிட்டாலும் அந்த உரிமை தானாகச் சாகாது என்பது அவர்களின் பழைய நீதிநெறி. அங்கே பயன்படுத்தியது உரிமையைத் தருகிறது, பயன்படுத்தாதது உரிமையைப் பறிப்பதில்லை. நிஜாம்பூரில் அப்படியே தலைகீழ். போகவிடாமல் மிரட்டி வைத்துவிட்டு, போகாததையே சாட்சியாகக் கொண்டுவருகிறார்கள்.

இரண்டாவது வாதம் சட்டம் ஒழுங்கு. கலவரம் வரும், ஆகவே ஊர்வலத்தை நிறுத்து. இதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 1883-லேயே சேலம் வழக்கு ஒன்றில் பதில் சொல்லிவிட்டது. பொதுச் சாலையில் ஊர்வலம் போவது ஒவ்வொருவருக்கும் உரிமை. மாஜிஸ்திரேட்டின் வேலை அந்த உரிமையைக் காப்பது. லண்டன் பிரிவி கவுன்சிலும் 1924-இல் இன்றைய உத்தரப் பிரதேசத்து மொகரம் ஊர்வல வழக்கில் இதே வழியில்தான் தீர்ப்பளித்தது. 2021-இல் பெரம்பலூர் மாவட்டம் வ.களத்தூர் வழக்கிலும், ஒரு பகுதியில் ஒரு பிரிவினர் அதிகம் என்பதற்காக மற்றவர் ஊர்வலத்தைத் தடுக்க முடியாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். அப்படியிருந்தும் கீழ்மட்டத்தில் நடப்பது வேறு. 2018-இல் உஜ்ஜைன் மாவட்டம் மஹித்பூரில், தலித் குடும்பங்கள் ஊர்வலத்துக்கு மூன்று நாள் முன்பே போலீஸில் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். கல் எறிபவரிடம் எழுதி வாங்குவதில்லை, கல்யாணம் செய்பவரிடம் எழுதி வாங்குகிறார்கள். எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றார்கள்.

தமிழ்நாட்டில் குதிரை இல்லை, புல்லட் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் புல்லட் ஓட்டிய தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள் என்று வழக்கு. ஊர்த் தெரு வந்ததும் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போன தலைமுறை தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்னும் உயிரோடிருக்கிறது. அவர்களிடம் கேட்டால் எந்த வீட்டு முன்னால் இறங்கி எந்த மரத்தடியில் திரும்ப ஏறினோம் என்று இடம் காட்டுவார்கள்.

2019-இல் திருச்சூர் மாவட்டம் மாளாவில் ஒரு பத்தாம் வகுப்பு மாணவி, புத்தகப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு பரீட்சைக்குக் குதிரையில் பாய்ந்து போன வீடியோ நாடெங்கும் ஓடியது. பார்த்தவர்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள், நானும்தான். சாலை அப்படித்தான் இருக்க வேண்டும்.

ராஜஸ்தான் பூந்தி மாவட்டக் காவல்துறை 2022 ஜனவரியில் 'ஆபரேஷன் சமானதா' என்று ஒரு திட்டம் தொடங்கியது. தகராறு வரக்கூடிய கிராமங்களைக் கல்யாண சீசனுக்கு முன்பே கணக்கெடுத்து, எல்லாச் சாதியினரையும் உட்கார வைத்துச் சமத்துவக் குழு அமைத்தார்கள். சாடி கிராமத்தில் ஒரு தலித் மாப்பிள்ளை அந்த ஊரில் முதல் தடவையாகக் குதிரையேறி வந்தார், போலீஸ் கூடவே நடந்தது. எனக்கு இனி அந்த ஊரின் இரண்டாவது மாப்பிள்ளையைப் பற்றித்தான் கவலை. போலீஸ் ஜீப் பக்கத்து ஊரில் வேறு வேலையாக இருக்கும் நாளில், குதிரைக்காரர் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு அதே தெருவுக்குள் திரும்புகிறாரா என்று பார்க்க வேண்டும்.