சுரங்கத்திற்குள் காற்று போதுமா?

ஜார்க்கண்ட் மாநிலத்தில் ஜரியா என்ற ஊர் இருக்கிறது. அதைச் சுற்றிப் பல நிலக்கரிச் சுரங்கங்கள். பூமிக்கு அடியில் சன்னல் ஏது? பெரிய விசிறி ஓடினால்தான் உள்ளே காற்று.

காற்று மூச்சுக்கு மட்டும் அல்ல. நிலக்கரியிலிருந்து மீத்தேன் என்ற வாயு கசியும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. காற்றைவிட லேசானது. கூரை ஓரம் போய்த் தங்கும். காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை அது கலந்துவிட்டால் ஒரு தீப்பொறி போதும். வெடிக்கும். அதை அடித்துக்கொண்டு போவதும் காற்றுதான். இதே மாநிலத்தில் தோரி சுரங்கத்தில் 1965 மே 28 அன்று நடந்த வெடி விபத்தில் 268 பேர் இறந்தார்கள்.

காற்றை எப்படி அளப்பது? கண்ணுக்குத் தெரியாத பொருள் ஆயிற்றே!

கையில் பிடிக்கும் சின்ன விசிறிக் கருவி ஒன்று உண்டு. காற்று பட்டால் சுழலும். ஒரு நிமிடத்தில் காற்று எத்தனை மீட்டர் ஓடியது என்று முள் காட்டும். கருவியை ஒரே இடத்தில் பிடிக்கக் கூடாது. பாதையின் நடுவில் காற்று வேகமாக ஓடும். சுவர் ஓரம் மெதுவாக ஓடும். அதனால் மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்த வேண்டும். அளப்பவர் காற்றை மறித்து நின்றாலும் கணக்கு தப்பும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பாதையின் அகலம் 4 மீட்டர். உயரம் 2.5 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 10 சதுர மீட்டர். காற்றின் வேகம் நிமிடத்திற்கு 60 மீட்டர். 10 × 60 = 600. நிமிடத்திற்கு 600 கன மீட்டர் காற்று போகிறது.

சட்டம் கேட்பது எவ்வளவு? ஆள் ஒருவருக்கு நிமிடத்திற்கு 6 கன மீட்டர். அல்லது, ஒரு நாளில் வெட்டும் ஒவ்வொரு டன் கரிக்கும் 2.5 கன மீட்டர். இரண்டில் எது அதிகமோ அதுவே கணக்கு. ஒரு ஷிப்டில் 80 பேர் என்றால் 480. நாளுக்கு 150 டன் என்றால் 375. ஆகவே 480 வேண்டும். 600 இருக்கிறதே, போதாதா?

அவசரப்படக் கூடாது. அந்த 600 வாசல் பக்கம் அளந்தது. ஆட்கள் வேலை செய்வது கடைசியில். அங்கே அளந்தால் வேகம் 40 மீட்டர்தான். பாதை அதே அளவு. 10 × 40 = 400. மீதி 200 எங்கே போயிற்று?

காற்று உள்ளே வர ஒரு பாதை, வெளியே போக ஒரு பாதை. நடுவில் தடுப்புச் சுவர்கள். சுவரில் விரிசல் விட்டால் காற்று குறுக்கு வழியில் திரும்பிவிடும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் எடுத்த கதைதான்! முட்டுச் சந்துபோல் அடைபட்ட இடத்திற்குத் துணிக்குழாய் வழியாகக் காற்று அனுப்புவார்கள். அந்தக் குழாய் கிழிந்தாலும் இதே கதி.

விரிசலைப் பூசி அடைத்தார்கள். அதே கடைசி இடத்தில் மறுபடி அளந்தார்கள். இப்போது வேகம் 50 மீட்டர். 10 × 50 = 500.