கட்டட இடிபாட்டுக் கழிவும் சிறு வீடுகளும்: வேங்கிக்காலை முன்வைத்து

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள வேங்கிக்காலில் ஏரியும் உண்டு. இத்தகைய ஊர்களில் பழைய வீடொன்று இடிக்கப்படும்போது கம்பி, கதவு, நிலை ஆகியன விலைபோகின்றன. விலைபோகாத காரையும் செங்கல்லும் பள்ளம் தேடிச் செல்கின்றன. நீர்நிலையின் ஓரமே அவற்றிற்கு எளிதில் கிட்டும் பள்ளம்.

மைய அரசு 2025இல் அறிவித்து, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குரியதாக்கிய விதிகள், மறுசுழற்சி இலக்கை 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டுமானங்களுக்கே விதிக்கின்றன. சிறு வீடு அவ்வரம்புக்குள் வாராது. பயன்பாட்டுக்கோ தடையில்லை. கான்கிரீட் இடிபாட்டிலிருந்து பெறும் ஜல்லியைக் கம்பியில்லாக் கான்கிரீட்டில் 25 விழுக்காடும், எம்25 வரையிலான கம்பிக் கான்கிரீட்டில் 20 விழுக்காடும் சேர்க்க ஐ.எஸ். 383 (2016) தரநிலை இசைகிறது. ஆயின் செங்கல்லும் சுண்ணாம்பும் மிகுதியாகக் கலந்த குவியல் அத்தகுதியை இழக்கும். ஆகவே பிரித்தல், கடப்பாரை விழும் இடத்திலேயே தொடங்க வேண்டும். தளக் கான்கிரீட்டைத் தனியே குவிக்கும் கூலியை இடிப்பு ஒப்பந்தத்திலேயே சேர்ப்பது அதற்குரிய எளிய வழியாகும்.