சங்கப் பாடல்களில் ஈயல்: காட்சியும் உணவும்

கறையானும் ஈசலும் ஓர் உயிரினத்தின் இரு நிலைகளே. மரத்தையும் ஏட்டுச்சுவடியையும் அரிக்கும் சிறகற்ற நிலை கறையான். மழைக்குப்பின் இணைதேடிப் புற்றிலிருந்து பறந்தெழும் நிலை ஈசல். ஒன்றைப் பகையாகவும் மற்றொன்றை உணவாகவும் கண்ட தமிழர் இரண்டையும் தனித்தனிப் பெயரால் வழங்கினர். சங்கப் பாடல்களில் ஈசலின் பெயர் ஈயல்.

பாரியை இழந்த பறம்பை நினைந்து கபிலர் பாடிய புறநானூறு 119ஆம் பாடலில், கார்மழைக்குப்பின் செம்புற்றில் கிடைக்கும் ஈயலும் மோரும் சேர்ந்த புளிப்புணவு குறிக்கப்படுகிறது. அங்கு அது வறியோர் உணவன்று. அந்நாட்டின் வளத்துக்குச் சான்று. அகநானூறு 394 காட்டும் நிலை வேறு. செம்மறியாட்டுத் தயிரும் வரகரிசியும் ஈயலும் கூடிய சுடச்சுடப் புளிச்சோற்றின்மேல் வெண்ணெய் உருகுகிறது. ஆனால் அதனை உண்போர் தலைவனுடன் வரும் இளையர். தலைவனுக்கு உரியது பாற்சோறு. ஒரே விருந்தில் இருவகை உணவு. ஈயலுணவு எல்லோர்க்கும் ஒருபடித்தாக இருந்தது எனப் பொதுமைப்படுத்துவதற்கு இப்பாடல் இடந்தரவில்லை.

அகநானூறு 14இல் வரும் ஈயல்மூதாய் உணவன்று, காட்சி. செந்நிலப் பாதையில் உதிர்ந்த காயாம்பூக்களிடையே அது ஊர்வது பவளமும் நீலமணியும் கலந்தாற்போலத் தோன்றுகிறது. தம்பலப்பூச்சி எனப்படும் இது எட்டுக்கால் உயிரி. அறிவியல் வரையறையில் பூச்சியாகாது. பெயரில் ஈயல் இருப்பதால் இதனை ஈசலெனக் கொள்ளுதல் பிழை.

ஈசலுணவு ஏட்டோடு முடிந்ததன்று. பள்ளிப்பட்டு உள்ளிட்ட வடதமிழகப் பகுதிகளில் வாழும் இருளர் மழைக்கால இரவில் புற்றருகே விளக்கேற்றி ஈசலைப் பிடிப்பர். உலர்த்தி, முறத்தில் புடைத்துச் சிறகு நீக்கி, வறுத்து அரிசிப்பொரியுடன் உண்பர். கொழுப்பும் புரதமும் மிக்க உணவு இது. உலகில் 1900க்கும் மேற்பட்ட பூச்சியினங்கள் உண்ணப்படுவதாக ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2013இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. கபிலர் பாட்டில் ஈயலைப் போற்றிவிட்டு இருளர் வீட்டில் அதனையே இழிவாகக் கருதுதல் முரணாகும். இம்முறையில் புற்றை இடிக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு மழைக்கும் அதே புற்றிலிருந்து ஈசல் எழும்.