குரங்குக்கு வெறும் கொப்புளம்... மனிதனுக்கு உயிராபத்து!

"ஐயா, கோயிலாண்ட பொரி போட்டேன், குரங்கு கையைப் பிராண்டிடுச்சு. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சுப் போட்டிருக்கேன். ஒரு கஷாயம் குடுத்தீங்கன்னா போதுமில்ல?"

ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கும் எங்கள் ஆரம்பாக்கத்தில் இப்படிக் கேட்டு வரும் தாய்மார்கள் உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு லோடு ஏற்றி வரும் லாரி டிரைவர்கள் கேட்பது வேறு மாதிரி. "எய்ட்ஸே குரங்குலேருந்து வந்ததுதானாமே? அப்ப குரங்கு மட்டும் எப்படி ஜோரா சுத்துது?"

இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் ஒரு உயிரைக் காப்பாற்றலாம் என்பதால் கொஞ்சம் விவரமாகவே பார்ப்போம்.

கூடவே வளர்ந்த கிருமி

ஒரு வைரஸ் தானாக வாழ முடியாது. இன்னொரு உயிரின் உடம்புக்குள் புகுந்தால்தான் பெருகும். புகுந்த உடம்பை உடனே சாய்த்துவிட்டால், அடுத்த உடம்புக்குப் போக வழியில்லாமல் அதுவும் சேர்ந்து அழியும். இன்னொரு பக்கம், நோய் தாக்கியும் பிழைத்துக்கொண்ட குரங்குகள்தான் குட்டி போடுகின்றன. அவற்றின் எதிர்ப்புச் சக்தி குட்டிகளுக்கும் போகிறது. இப்படி லட்சக்கணக்கான வருஷங்கள் போனால் பல சமயங்களில் இரண்டும் ஒரு சமாதானத்துக்கு வந்துவிடுகின்றன.

இதற்கு நல்ல உதாரணம் 'ஃபோமி வைரஸ்'. ஒவ்வொரு குரங்கு இனத்துக்கும் தனித்தனி ஃபோமி வைரஸ் இருக்கிறது. குரங்குகளின் வம்சாவளியையும் இந்த வைரஸ்களின் வம்சாவளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கிளைக்குக் கிளை பெரும்பாலும் ஒத்துப்போகிறது! குறைந்தது 3 கோடி ஆண்டுகளாக இரண்டும் சேர்ந்தே வளர்ந்திருக்கின்றன என்கிறார்கள் விஞ்ஞானிகள். குரங்குகளுக்கு இதனால் நோய் எதுவும் வருவதாகத் தெரியவில்லை. பங்களாதேஷில் குரங்குகளோடு நெருங்கிப் பழகிய சிலருடைய ரத்தத்திலும் இது கிடைத்தது. அவர்களும் நோயில் விழவில்லை.

உதட்டுக் கொப்புளத்தின் பங்காளி

எல்லா வைரஸும் இத்தனை சாது இல்லை. காய்ச்சல் விட்ட பிறகு உதட்டோரம் கொப்புளம் வருமே, அதற்குக் காரணம் ஹெர்பிஸ் வைரஸ். அது மனித இனத்தோடு பல லட்சம் வருஷங்களாக ஒட்டிக்கொண்டு வருவது. நான்கு நாள் எரிச்சல், அப்புறம் மறைந்துவிடும். இதன் பங்காளி ஒன்று நம்மூர்க் குரங்கு வகைகளில் இருக்கிறது. அதன் பெயர் 'பி வைரஸ்'. குரங்குக்கு அது வாயில் சின்னக் கொப்புளம், அவ்வளவுதான். பல சமயம் அதுகூட இருக்காது.

அதே கிருமி மனிதனுக்குள் புகுந்தால் மூளையைத் தாக்குகிறது. சிகிச்சை இல்லாவிட்டால் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் பிழைப்பதில்லை. பயப்பட வேண்டாம், இது மிக மிக அபூர்வம். 1932-ல் முதலில் தெரியவந்ததிலிருந்து உலகம் பூராவும் பதிவானவை சில டஜன் சம்பவங்களே. அவற்றிலும் பெரும்பாலோர் ஆராய்ச்சிக் கூடங்களில் குரங்குகளைக் கையாண்டவர்கள்.

இதே கதை திருப்பியும் நடக்கிறது. நம் உதட்டுக் கொப்புள வைரஸ் தென் அமெரிக்காவின் மார்மோசெட் என்ற குட்டிக் குரங்குக்குத் தொற்றினால் அது செத்தே போகும். பழகிய வீட்டில் அடங்கிக் கிடப்பது புது வீட்டில் தீ வைக்கிறது!

எய்ட்ஸ் வந்த வழி

இப்போது டிரைவர் கேட்ட கேள்விக்கு வருவோம். ஆப்பிரிக்காவின் பல குரங்கு இனங்களில் எஸ்.ஐ.வி. என்ற வைரஸ் உண்டு. 'சூட்டி மாங்கபே' என்ற குரங்கின் ரத்தத்தில் அது ஏராளமாக இருந்தும் குரங்கு பெரும்பாலும் நோய்ப்படுவதில்லை. ஆசியக் குரங்குகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அமெரிக்க ஆராய்ச்சிக் கூடங்களில், இந்தியாவிலிருந்து போன ரீசஸ் குரங்கு இனத்துக்கு அந்த வைரஸ் தொற்றியபோது எய்ட்ஸ் மாதிரியே நோய் வந்து இறந்தன. 1978-ல் நம் நாடு குரங்கு ஏற்றுமதியை நிறுத்தும்வரை ஏராளமான குரங்குகள் இங்கிருந்து கப்பலேறின.

ஆனால் ரீசஸுக்கும் ஒரு கவசம் இருக்கிறது. மனிதனைத் தாக்கும் எச்.ஐ.வி.-1 அதன் உடம்பில் வேர் பிடிப்பதில்லை. அதன் செல்லுக்குள் 'ட்ரிம் 5 ஆல்ஃபா' என்ற புரதம் காவல் நிற்கிறது. 2004-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். நமக்கும் இந்தப் புரதம் உண்டு. ஆனால் எச்.ஐ.வி.யைத் தடுக்கும் அளவுக்கு அதற்கு வலு இல்லை.

மேற்கு மத்திய ஆப்பிரிக்காவில் சிம்பன்சியிடமிருந்து, வேட்டையாடிக் கறி வெட்டியபோது பட்ட ரத்தத்தின் வழியாக, சுமார் நூறு வருஷங்களுக்கு முன் இந்த வைரஸ் மனிதனுக்குத் தாவியது என்பது இன்றைய முடிவு. ஆக, நம்மூர்க் குரங்குக்கும் எய்ட்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. இந்தியாவில் இது முதலில் தெரியவந்தது நம் சென்னையில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் எடுத்த ரத்த மாதிரிகளில் அது கண்டுபிடிக்கப்பட்டது.

நாளானால் சாதுவாகிவிடுமா?

"அப்படின்னா மனுஷனுக்கும் பழகிடுமே?" என்று கேட்கலாம். அதை நம்பி உட்கார முடியாது. எஸ்.ஐ.வி.யைச் சுமக்கும் சிம்பன்சிகளே காட்டில் அதனால் நோய்ப்பட்டு இறக்கின்றன என்று 2009-ல் தெரியவந்தது. 1957-ல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில், உண்ணி மூலம் பரவிய ஒரு வைரஸ் தாக்கிக் குரங்குகள் செத்து விழுந்தன. மனிதர்களும் மாண்டார்கள். அந்த வைரஸ் இன்னும் ஓயவில்லை. இயற்கை சமாதானம் பேச ஆயிரக்கணக்கான தலைமுறைகள் எடுத்துக்கொள்ளும். அதற்கு அது வாங்கும் விலை உயிர்கள். நமக்கோ தடுப்பூசியும் மருந்தும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

என்ன செய்ய வேண்டும்?

* குரங்கு கடித்தாலோ பிராண்டினாலோ, உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் முழுசாக 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பித் தூள் எதுவும் வேண்டாம்.

* அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்விடுங்கள். குரங்குக்கடியில் முதல் கவலை வெறிநோய்தான். அது முற்றிவிட்டால் சித்தத்திலும் மருந்தில்லை, அலோபதியிலும் மருந்தில்லை. சொன்ன தேதிகளில் ஊசி முழுவதையும் போட்டுக்கொள்ளுங்கள். சித்த மருத்துவனாகிய நானே சொல்கிறேன், இதற்குக் கஷாயம் கேட்டு வராதீர்கள்.

* கடிபட்ட சில வாரங்களுக்குள் காயத்தில் கொப்புளம், மரத்துப்போதல், காய்ச்சலோடு தலைவலி வந்தால், குரங்கு கடித்த விஷயத்தை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பி வைரஸுக்கு மருந்து உண்டு. சீக்கிரம் கொடுத்தால்தான் பலன்.

* குரங்குக்குக் கையால் ஊட்டாதீர்கள். செத்த குரங்கைத் தொடாமல் வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.

* எச்.ஐ.வி. சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் இலவசமாக, ரகசியமாகப் பரிசோதிக்கலாம். 2004 முதல் கூட்டு மருந்தும் இலவசம். தவறாமல் சாப்பிட்டால் வைரஸ் அடங்கிவிடும், ஆயுசும் நீளும். கர்ப்பிணிகள் சாப்பிட்டால் குழந்தைக்குப் போகாமலும் தடுக்கலாம். தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையில் 1990-களில் சித்த மருந்துகளும் இந்த நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டன. பசிக்கும் தெம்புக்கும் அவை துணை நிற்கலாம். ஆனால் டாக்டரைக் கேட்டே சாப்பிடுங்கள், கூட்டு மருந்தை மட்டும் ஒரு நாளும் நிறுத்தாதீர்கள்.

பொரி போட ஆசையாக இருக்கிறதா? தூரத்தில் போட்டுவிட்டு வருவதைவிட, போடாமலே கும்பிட்டுவிட்டு வருவது உத்தமம்!