படகில் கார் இன்ஜின்: புகைக்குழாய்ச் சூட்டை அடக்காவிட்டால் ஆபத்து

சாலையில் ஓடிய இன்ஜினைக் கடலில் இறக்குவது வட சென்னைக்குப் புதிய சங்கதி அல்ல. மூலக்கொத்தளத்திலிருந்து ராயபுரம் வழியாகக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் சில கிலோமீட்டர்தான். பழைய வாகன உதிரிபாகங்களுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. கொஞ்சம் வடக்கே எண்ணூரில், 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கி 1955-ல் அசோக் லேலண்ட் ஆன நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. லாரி இன்ஜினை அடிப்படையாகக் கொண்டு படகு இன்ஜின்களையும் அந்த நிறுவனம் தயாரிக்கிறது.

ஆலையிலிருந்து வரும் படகு இன்ஜினில் கடலுக்குத் தேவையான மாற்றங்கள் செய்யப்பட்டிருக்கும். கார், வேன் இன்ஜினை வாங்கிப் பட்டறையில் நாமே மாற்றும்போதுதான் சிக்கல். கியர் பாக்ஸ், புரொப்பல்லர், இன்ஜினைத் தாங்கும் கட்டை என எல்லாவற்றையும் யோசிக்கிறவர்கள், புகைக்குழாயைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். படகு தீப்பிடிக்கவும், இன்ஜினுக்குள் கடல்நீர் ஏறவும், புகை சூழ்ந்து ஆள் மயங்கவும் அந்த ஒரு குழாயே காரணமாகிவிடும்.

டீசல் பம்ப்செட், டிராக்டர், பவர் டில்லர் வைத்திருக்கும் விவசாயிகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

வெப்பம் எங்கே போகிறது?

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் கிடைக்கும். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தண்டைச் சுழற்றும். இன்னொரு பங்கு குளிர்விக்கும் தண்ணீரோடு போகும். மீதி ஒரு பங்கு புகையோடு வெளியேறும். மணிக்கு 10 லிட்டர் டீசல் குடிக்கும் இன்ஜின் என்றால், புகைக்குழாய் வழியே மட்டும் சுமார் 33 கிலோவாட் வெப்பம் போகிறது. 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் முப்பதைச் சேர்த்து எரியவிட்டதற்குச் சமம் இது.

காரில் இது பெரிதாகத் தெரியாது. வண்டி ஓடும்போது எதிர்காற்று மேனிஃபோல்டையும் சைலன்சரையும் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். மேலும், கார் இன்ஜின் தன் முழுத் திறனில் ஓடுவது சில நிமிடங்கள்தான். படகில் நிலைமை தலைகீழ். மூடிய இன்ஜின் அறையில் எதிர்காற்று கிடையாது. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருப்பதால், பல மணி நேரம் தொடர்ந்து கனமான சுமையில் ஓட வேண்டும்.

அந்தச் சுமையில் டீசல் இன்ஜினின் புகை 400 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். பெட்ரோல் இன்ஜினில் இன்னும் அதிகம். பெரிய கப்பல்களுக்கான சர்வதேசப் பாதுகாப்பு விதிகளில், எரிபொருள் தெறிக்க வாய்ப்புள்ள இடத்தில் 220 டிகிரிக்கு மேல் சூடாகும் பரப்பைக் காப்புப் போட்டு மூட வேண்டும் என்று இருக்கிறது. நம் படகுக்கு அந்த விதி பொருந்தாது என்றாலும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஃபைபர் படகுகளில் பயன்படும் சாதாரண பாலியெஸ்டர் பிசின் 100 டிகிரிக்கு முன்பே இளகத் தொடங்கிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

மூன்று வழிகள்

*ஒன்று: உலர் புகைக்குழாய்.* புகையைத் தண்ணீரோடு சேர்க்காமல், குழாயை நேராக மேலே கொண்டுபோய்க் கூரைக்கு மேல் விடுவது. தண்ணீர் இன்ஜினுக்குள் திரும்பும் பயம் குறைவு. ஆனால் குழாய் முழுக்கச் சூடாக இருக்கும். அதனால் செராமிக் கம்பளி அல்லது கண்ணாடி இழைக் கம்பளியைச் சுற்றி, அதன் மேல் தகடு போர்த்த வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கயிறு வேண்டாம். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். மரத்தையோ ஃபைபரையோ குழாய் துளைத்துப் போகும் இடத்தில் இடைவெளி விட்டு, உலோக வளையம் வைக்க வேண்டும். சூட்டில் குழாய் நீளும். எனவே நெளிவுள்ள இணைப்பு ஒன்று தேவை. குழாயின் வாயில் மழைநீர் மூடியும், அடிப்பகுதியில் தண்ணீர் வடிய ஒரு திருகும் இருக்கட்டும்.

*இரண்டு: நீருறை மேனிஃபோல்டு.* காரின் மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, இரட்டைச் சுவருள்ள மேனிஃபோல்டு பொருத்துவது. உள்ளே புகை போகும். சுவர்களுக்கு இடையே தண்ணீர் ஓடும். அந்தத் தண்ணீர் கடல்நீராக இல்லாமல், இன்ஜினுக்குள் சுற்றும் கூலன்ட் கலந்த நன்னீராக இருப்பதே நல்லது. கடல்நீர் நேரடியாக ஓடினால் உலோகத்தை அரிக்கும். சூடு 55 டிகிரியைத் தாண்டும்போது உப்பும் படியத் தொடங்கும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மேனிஃபோல்டின் வெப்பமும் சேர்ந்துகொள்வதால் நன்னீரின் சுமை கூடும். காரின் ரேடியேட்டர் கணக்கை வைத்து ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாங்கினால் போதாது. படகின் அடியில் குழாய் ஓட்டிக் குளிர்விக்கும் முறையாக இருந்தாலும் குழாயின் நீளத்தைக் கூட்ட வேண்டும்.

*மூன்று: ஈரப் புகைக்குழாய்.* ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் கடந்து வரும் கடல்நீரை, மேனிஃபோல்டுக்கு அடுத்துள்ள எல்போவில் புகையோடு கலந்துவிடுவது. தண்ணீரில் ஒரு பகுதி ஆவியாகி வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். புகை ஒரு சில அடி தூரத்துக்குள் கை பொறுக்கும் சூட்டை நெருங்கிவிடும். அதன்பின் இரும்புக்குழாய் தேவையில்லை. புகைக்கென்றே செய்த ரப்பர் ஹோஸ் வழியாகப் படகின் பின்புறம் விடலாம். சத்தமும் குறையும், இன்ஜின் அறையும் குளிர்ச்சியாக இருக்கும்.

தண்ணீர் திரும்பினால் இன்ஜின் போச்சு

ஈர முறையின் பெரிய ஆபத்து, கலந்த தண்ணீர் பின்னோக்கி வந்து சிலிண்டருக்குள் நுழைவது. காற்றைப் போலத் தண்ணீரை அழுத்த முடியாது. அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

இதைத் தடுக்கக் கவனிக்க வேண்டியவை:

• தண்ணீர் கலக்கும் இடம் கீழ்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். மேனிஃபோல்டின் பக்கம் சாயவே கூடாது.

• முழுச் சுமை ஏற்றிய பின் படகு எவ்வளவு அமிழ்கிறதோ, அந்த நீர்மட்டத்தை வைத்தே அளக்க வேண்டும். வெறும் படகை வைத்து அளந்தால் ஐஸும் மீனும் ஏறியதும் கணக்கு தப்பிவிடும்.

• தண்ணீர் கலக்கும் இடம் அந்த நீர்மட்டத்துக்கு மேல் 15 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், கடல்நீர்க் குழாயை மேலே வளைத்து, உச்சியில் காற்று நுழையும் வால்வு பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் இன்ஜினை நிறுத்திய பிறகும் தண்ணீர் தானாக இழுத்துக்கொண்டு உள்ளே நிரம்பும்.

• இன்ஜின் உடனே ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், கடல்நீர் வால்வை மூடிவிட்டு முயல வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போதெல்லாம் பம்ப் தண்ணீரைத் தள்ளும். வெளியேற்றப் புகையின் வேகம் இருக்காது. ஸ்டார்ட் ஆனதும் வால்வைத் திறக்க மறக்கக் கூடாது. ரப்பர் இம்பெல்லர் தண்ணீரின்றி ஓடினால் சீக்கிரமே கருகிவிடும்.

• குழாயின் குறுக்களவை இன்ஜின் வாயைவிடச் சிறிதாக்க வேண்டாம். புகை அடைபட்டால் திறன் குறையும், டீசல் செலவு கூடும், வால்வுகள் கெடும்.

எல்போதான் முதலில் அரிக்கும் பாகம். சூடான புகை, கந்தகம், உப்புநீர் மூன்றும் சந்திக்கும் இடம் அது. சாதாரண இரும்புக் குழாயை வெல்டிங் செய்து போட்டால் மலிவுதான். ஆனால் வெளியே பெயின்ட் பளபளக்க, உள்ளே ஓட்டை விழுந்திருக்கும். 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது கனமான வார்ப்பு எல்போ நீண்ட நாள் உழைக்கும்.

பெட்ரோல் இன்ஜின் வேண்டாம்

விலை குறைவு என்று பெட்ரோல் கார் இன்ஜினை மூடிய இன்ஜின் அறையில் வைப்பது உயிரோடு விளையாடுவது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம்; படகின் அடியில் தேங்கும். காரின் ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் பொறி வெளியே வராதபடி செய்யப்பட்டவை அல்ல. ஒரு பொறி போதும்.

எந்த இன்ஜினாக இருந்தாலும் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, கடலில் தங்கிப் படகிலேயே சமைத்துத் தூங்கும் தொழிலாளர்களைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். மேனிஃபோல்டு கேஸ்கெட் அருகே கருப்புப் புகைக்கறை தெரிந்தால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். தள்ளிப்போடாமல் மாற்றிவிட வேண்டும்.

கிணற்றுக்குள் டீசல் இன்ஜினை இறக்கி ஓட்டும் விவசாயிகளுக்கும் இதே எச்சரிக்கை. கிணற்றில் தேங்கும் புகை, இறங்குகிறவரை நிமிடங்களில் வீழ்த்தும். காப்பாற்ற இறங்குகிறவரையும் விடாது. இன்ஜின் மேலேயே இருக்கட்டும். ஓலைக் கொட்டகையில் பம்ப்செட் வைத்திருப்பவர்கள் சைலன்சர் ஓலையைத் தொடாமல், புகை வெளியே போகும்படி அமைக்க வேண்டும்.

தடைக்காலமே தக்க காலம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையேறும். வலையும் பலகையும் சீர்செய்யும் அந்த நாட்களில் எல்போவைக் கழற்றி உள்ளே பாருங்கள். இம்பெல்லரை மாற்றுங்கள். ஹோஸை அழுத்திப் பார்த்து, வெடிப்போ உப்பலோ இருந்தால் புதிது போடுங்கள். கடலுக்குப் போன பின் தினமும் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: பின்புறக் குழாயில் புகையோடு தண்ணீரும் வருகிறதா? தண்ணீர் குறைந்து வெள்ளை ஆவி கூடினால் உடனே இன்ஜினின் வேகத்தைக் குறையுங்கள். ஹோஸில் வெப்ப எச்சரிக்கை மணி பொருத்துவது இன்னும் நல்லது.

பிரிட்டன் ஃபோர்டு நிறுவனத்தின் டீசல் இன்ஜினை அமெரிக்காவின் லேமன் நிறுவனம் படகுக்கு மாற்றி விற்றது. 120 குதிரைத்திறன் கொண்ட அந்த இன்ஜின்கள் பல பத்தாண்டுகளாக இன்றும் ஓடுகின்றன. அதில் பிளாக் பழையதுதான். மேனிஃபோல்டு, ஹீட் எக்ஸ்சேஞ்சர், கடல்நீர் பம்ப் ஆகியவை படகுக்கென்றே செய்யப்பட்டவை. செலவு செய்ய வேண்டிய இடம் எது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

இன்ஜினை மாற்றும் முன், அதன் திறனுக்கு அனுமதி உண்டா என்று அருகிலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ராயபுரத்தில் இயங்கும் மத்திய மீன்வள கடல்சார் மற்றும் பொறியியல் பயிற்சி நிறுவனம் படகு இன்ஜின் ஃபிட்டர் பயிற்சி அளிக்கிறது. மெக்கானிக் வேலையில் நாட்டமுள்ள மீனவர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே சேர்ந்து படித்தால், ஊரின் படகுகளுக்கும் பாதுகாப்பு, அவர்களுக்கும் தொழில்.